அலைவரிசைச் சித்தரும் சிவப்புப் பட்டும்

ஜமுனாமரத்தூர் சந்தைக்கு வந்த கூட்டத்தில் பாதி, அன்று புளிக் கடைகள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சித்தர் முன்னால் வரிசையில் நின்றது. சாதாரணச் சித்தரா? அலைவரிசைச் சித்தர்! வீட்டில் வைஃபை நின்றுபோனால் மந்திரம் போட்டு வரவழைப்பார். காணிக்கை ஒரு மரக்கால் சாமை. அந்தப் பக்கம் காவலூரில் தொலைநோக்கி வைத்து வானத்தை அலசுகிறார்கள். இந்தப் பக்கம் நெட்டுக்குத் திருஷ்டி கழிக்கிறார்கள். நாடு எல்லாத் திசையிலும் முன்னேற வேண்டாமா?

கன்னியம்மாள் வீட்டு ரவுட்டரும் அவருடைய பக்தர்தான். அது வந்த அன்றே மஞ்சள் குங்குமம் வைத்துச் சாமி மாடத்தில் உட்கார வைத்திருந்தாள். சித்தர் வந்து பார்த்தார். "காத்துல வர்ற பொருளுக்குச் சீக்கிரம் கண்ணு பட்டுடும்மா" என்று சிவப்புப் பட்டால் இறுக்கிச் சுற்றிவிட்டுப் போனார். அதன் பிறகுதான் இரண்டு நாளைக்கு ஒருமுறை நெட் படுத்தது. ஒவ்வொரு முறையும் சித்தர் வருவார். எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்துவார். அரை மணி நேரம் முணுமுணுப்பார். நெட் எழுந்து உட்காரும்.

அன்று மகள் பூவிழி நர்சிங் படிப்புக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். ஐந்து மணியோடு முடிகிறது. மணி மூன்றரை. கம்ப்யூட்டரில் நெட் இல்லை. செல்போனிலோ ஒரு கோடுகூட இல்லை. இந்த வருஷம் தவறினால் மாமன் பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளைதான். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

கன்னியம்மாள் ஓடிப்போய்ச் சித்தரைக் கையோடு அழைத்து வந்தாள். பின்னாலேயே பாதிச் சந்தையும் வந்தது.

"எல்லாரும் வெளியே போங்க" என்றார் சித்தர்.

"இன்னாத்துக்கு சாமி?" என்றாள் பூவிழி. போன முறை ஜன்னல் வழியாகப் பார்த்தபோது பட்டு விலகிய ரவுட்டரின் பச்சை விளக்கு அணைந்து எரிந்தது அவள் மனதை அரித்துக்கொண்டிருந்தது. "மந்திரத்துக்குத்தான சக்தி? வாசல்ல நின்னே சொல்லுங்க. உள்ளே யாருமே போவ வேணாம்."

"அப்டிப் பேசாதடி, நாக்கு அழுவிடும்!" என்று பதறினாள் தாய்.

கூட்டத்துக்கோ ஒரே உற்சாகம். "சாமியால முடியாததா? சொல்லுங்க சாமி!" எதிரிகளிடமிருந்து தப்பிக்கலாம், பக்தர்களிடமிருந்து முடியுமா?

சித்தர் வாசலில் நின்று முணுமுணுத்தார். பிறகு கத்தினார். வியர்த்துக் கொட்டியது. மணி நாலே கால். நெட் அசையவில்லை.

"பொம்பளப் புள்ள குறுக்க பேசுனதால தீட்டாயிடுச்சி" என்றார்.

"அப்போ தீட்டோடயே நான் பாக்கறேன்."

பூவிழி உள்ளே போய்ப் பட்டுத் துணியை உருவினாள். ரவுட்டர் தோசைக்கல்லாகக் கொதித்தது. சுவிட்சை அணைத்து, மாடத்திலிருந்து இறக்கி, காற்றுப் படும்படி வைத்தாள். ஆறும்வரை, மந்திரத்துக்குப் பதிலாக, ஊருக்கே கேட்கும்படி பதினாறாம் வாய்ப்பாட்டைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். சுவிட்சைப் போட்டாள். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. நாலே முக்காலுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

"இவ்ளோதாங்க! துணி சுத்துனா சூடாவுது, சூடானா நின்னுடுது. அணைச்சி ஆறவெச்சிப் போட்டா வருது. இவரு கதவைச் சாத்திக்கினு இதைத்தான் செஞ்சாரு!"

"டேய், இது கலசப்பாக்கத்துல குடை போட்டு சிம் கார்டு வித்த நவீன்குமாரு!" என்று யாரோ கத்தினார்கள். சித்தர் சாமை மூட்டையை விட்டுவிட்டு ஓடிய வேகத்துக்கு எந்த நெட்டும் ஈடாகாது.

கூட்டம் கலைந்தது. பக்கத்து வீட்டு மணியம்மாள் மட்டும் தயங்கித் தயங்கி வந்தாள்.

"ஏம்மா பூவிழி, நாளைக்கு எங்க வூட்டுக்கும் வந்து அந்தப் பதினாறாம் வாய்ப்பாட்டைச் சொல்லிட்டுப் போயேன். காணிக்கை எவ்ளோ?"

பூவிழி தலையில் கை வைத்துக்கொண்டாள். சித்தர் போய்விட்டார், சித்தர் வேண்டும் என்ற ஆசை மட்டும் இன்னும் போகவில்லை. நாளைக்கே இன்னொருவன் வருவான். மரக்காலை எடுப்பதற்கு முன்னால் அவனிடம் "ஏன்?" என்று ஒரு தடவை கேளுங்கள், மக்களே. கேட்பதற்குக் காணிக்கை கிடையாது!