டிராகன் தலைமேல் ஒரு கட்டொழுங்கு ஆசிரியர்

"இறங்கு!"

மூன்றாவது முறையாகச் சொன்னார் குணாளன். லவிஷ்னி இறங்கவில்லை.

அவள் உட்கார்ந்திருந்தது காற்றடைத்த ஒரு டிராகனின் தலைமேல். இரண்டு மாடி உயரம். வால் வழியாகப் படியேறி, முதுகில் தள்ளாடி நடந்து, தலைக்குப் போய், அங்கிருந்து சிவப்பு நாக்கில் சறுக்கிக் கீழே வர வேண்டும். மற்ற பிள்ளைகள் அப்படித்தான் அலறிக்கொண்டே வந்து விழுந்தார்கள். ஆறு வயது லவிஷ்னி மட்டும் ஒரு கொம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

சனிக்கிழமைகளில் பிள்ளைகளை இந்த விளையாட்டுக் கூடத்துக்குக் கூட்டிவருவது மனைவி பூங்கொடியின் வேலை. இன்று அவளுக்கு மருத்துவமனையில் ஷிப்ட். வெளியே, மலேசியாவின் தைப்பிங் நகரத்து மழை வழக்கம்போல இரண்டு மணிக்கே தொடங்கிவிட்டது. குணாளன் முதல்முறையாக வந்தார். வந்ததும் ஓரமாக ஒரு மேசையைப் பிடித்து, தம் பள்ளியின் மூன்றாம் ஆண்டு மாணவர்களின் கட்டுரை நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தார். பன்னிரண்டாவது நோட்டில் இருக்கும்போது பக்கத்து மேசைப் பெண் கேட்டாள்.

"அங்கிள், அது உங்க பொண்ணா? ரொம்ப நேரமா மேலயே உக்காந்திருக்கு."

அப்போது எழுந்தவர்தான்.

"லவிஷ்னி! இறங்குன்னு சொன்னேன்!"

இந்த முறை அவர் பயன்படுத்தியது பள்ளிக்கூடக் குரல். ஒன்பது ஆண்டுகளாகக் கட்டொழுங்கு ஆசிரியராக இருப்பவரின் குரல். சபையில் நானூறு பிள்ளைகள் இருந்தாலும் அவருக்கு மைக் தேவைப்பட்டதில்லை.

அந்தக் குரலுக்குப் பலன் கிடைத்தது. பந்துக் குளத்தில் இருந்தவர்கள் வெளியே வந்து வரிசையாக நின்றார்கள். தமிழே தெரியாத ஒரு சீனப் பையன் கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு விறைத்து நின்றான். மூன்று வயதுக் குழந்தை ஒன்று வாய்விட்டு அழுதது. லவிஷ்னி மட்டும் இறங்கவில்லை.

"ஏன் அங்கிள் கத்துறீங்க?" அழுத குழந்தையின் அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். "இது விளையாடுற இடம். போலீஸ் ஸ்டேஷன் இல்ல."

குணாளன் குரலைத் தணித்துக்கொண்டார். நான்கு வயது மகன் தீரன் பக்கத்தில் நின்று விரல் சூப்பிக்கொண்டிருந்தான்.

"தீரா, மேல போய் அக்காவக் கூட்டிட்டு வா."

"வந்தா என்ன குடுப்பீங்க?"

"ஐஸ்கிரீம்."

தீரன் அணில் போல ஏறினான். அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். இன்னொரு கொம்பை அவன் கட்டிக்கொண்டான்.

"டேய், கூட்டிட்டு வாடா!"

"அக்கா வரலப்பா! நானும் வரல!"

"ஐஸ்கிரீம் வேணாமா?"

"மேல கொண்டு வாங்க!"

குணாளன் நேராகக் கல்லாவுக்குப் போனார். இடத்தின் சொந்தக்காரி நோராய்னி, ஐம்பது வயது இருக்கும், காலுறைகளை அளவு வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"என் பிள்ளைங்க மேல மாட்டிக்கிட்டாங்க. உங்க ஆளுங்க யாரையாவது ஏறி இறக்கிவிடச் சொல்லுங்க."

"முடியாது சேகு," என்றார் நோராய்னி. ஆசிரியர்களை அந்த ஊரில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "விதி இருக்கு."

"என்ன விதி?"

"பிள்ளை மேல மாட்டிக்கிட்டா பெத்தவங்கதான் ஏறணும். நாங்க தொடக் கூடாது."

வேறு யாராக இருந்தாலும் சண்டை பிடித்திருப்பார்கள். ஆனால் விதி என்ற சொல்லுக்கு முன்னால் குணாளனுக்குப் பேச்சு எழாது. தம் பள்ளிச் சுவரில் நாற்பத்திரண்டு விதிகளைத் தம் கையாலேயே எழுதி மாட்டியவர் அவர்.

"நல்ல விதிதான்," என்றார். உயரத்துக்குப் பயந்து அவர் பள்ளிக்கூடத்தின் இரண்டாவது மாடியிலேயே சுவரோரமாக நடப்பவர் என்பது பூங்கொடிக்குக்கூடத் தெரியாது.

"காலுறை போடணும் சேகு. அடியில ரப்பர் புள்ளி வெச்சது. உங்க அளவுல இது ஒண்ணுதான் இருக்கு."

மஞ்சள் நிறம். ஒவ்வொரு கால்விரலிலும் ஒரு வாத்து முகம்.

"பேனா, சாவி, இடுப்பு வார் எல்லாம் இங்க வெச்சிட்டுப் போங்க. குத்திடும்."

இடுப்பு வார் போனதும் கால்சட்டை இறங்கப் பார்த்தது. குணாளன் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டார். மிச்சமிருந்த ஒரு கையால் டிராகனின் வாலில் ஏறத் தொடங்கினார்.

முதல் படியில் முழங்கால் வரை உள்ளே போனது. இரண்டாவது படியில் கால் வைத்ததும் மேலே இருந்த இரண்டு பிள்ளைகள் ஒரு முழம் எகிறி விழுந்தார்கள். அவர்கள் எழுந்து அவரைப் பார்த்த பார்வையில் பக்தி இருந்தது.

"அங்கிள், இன்னொரு தடவ!"

அவர் அடுத்த அடி வைத்தார். இன்னும் நால்வர் எகிறினார்கள். செய்தி பரவிவிட்டது. பந்துக் குளம் காலியானது. இருபது பிள்ளைகள் டிராகன் முதுகில் ஏறி அவருடைய ஒவ்வொரு அடிக்காகவும் காத்திருந்தார்கள்.

"பெரிய அங்கிள் வராரு! ரெடி... ஹோ!"

அவர் நின்றால் திட்டினார்கள். நடந்தால் பறந்தார்கள். சற்று முன் விறைத்து நின்ற சீனப் பையன் அவர் கால்களுக்கு நடுவே புகுந்து முன்னால் போய், திரும்பி, அவருக்குக் கை கொடுத்தான். அந்தச் சின்னக் கையைப் பிடித்துக்கொண்டுதான் கட்டொழுங்கு ஆசிரியர் உச்சிக்கு வந்து சேர்ந்தார்.

"அப்பா!" என்றான் தீரன். "ஐஸ்கிரீம் எங்க?"

குணாளன் சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழிருந்து பார்த்தபோது அது பழைய கிடங்கு ஒன்றில் ஊதிவைத்த பிளாஸ்டிக் பைகள்தான். இங்கிருந்து அது வேறு. நீலமும் மஞ்சளுமாகக் கோபுரங்கள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. பாலங்கள் அசைந்தன. பிள்ளைகள் மிதந்து எழுந்து, ஒரு கணம் காற்றில் அப்படியே நின்று, பிறகு விழுந்தார்கள். கூரையின் கண்ணாடித் தகடுகளில் மழைநீர் ஓட, அதன் நிழல் அத்தனை முகங்கள்மேலும் ஓடியது. அவருக்குக் கீழே டிராகன் மெல்ல ஏறி இறங்கியது. உயிருள்ள ஒன்றின் தலைமேல் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது.

"இவ்வளவு பெரிசா..." என்றார் தமக்குள்.

பிறகு நேர் கீழே பார்த்தார். அதுதான் தப்பு. மூன்றாவது கொம்பு இல்லாததால் லவிஷ்னியின் கொம்பையே அவரும் கட்டிக்கொண்டார்.

"அப்பா, பயமா இருக்கா?"

"அப்பாவுக்கு என்ன பயம்? கொஞ்ச நேரம் உக்காருவோம்."

கொஞ்ச நேரம் பத்து நிமிடமானது. பின்னால் வரிசை வால் வரைக்கும் நீண்டது. "அங்கிள், போங்க!" "அங்கிள், தள்ளி விடவா?" கீழே அம்மாக்கள் கூடிவிட்டார்கள். ஒருத்தி கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தாள்.

அந்த நேரம் பார்த்து இடி இடித்தது. விளக்குகள் போயின.

காற்று ஊதும் இயந்திரங்கள் நின்றன. அதுவரை இத்தனை சத்தம் இருந்ததே அப்போதுதான் தெரிந்தது. தகரக் கூரையில் மழை மட்டும் கேட்டது.

டிராகன் மெதுவாகத் தலை குனியத் தொடங்கியது.

"பின்னாடி இருக்கிறவங்க வால் வழியா இறங்குங்க!" நோராய்னியின் குரல் கீழிருந்து வந்தது. "சேகு, நீங்க சறுக்கிடுங்க! ஜெனரேட்டர் வர ஒரு நிமிஷம் ஆகும்!"

"முடியாது," என்றார் குணாளன். அது யாருக்கும் கேட்கவில்லை, பக்கத்தில் இருந்த மகளைத் தவிர.

லவிஷ்னி கொம்பை விட்டுவிட்டு அவர் மடியில் ஏறி உட்கார்ந்தாள். தீரனையும் இழுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"அப்பா, கண்ண மூடாதீங்க. தொறந்து வெச்சாதான் நல்லாருக்கும். ஒண்ணு... ரெண்டு..."

"மூணு சொல்லாதம்மா."

"மூணு!"

அவர் இரண்டு கைகளாலும் பிள்ளைகளை அணைத்துக்கொண்டார். கால்சட்டையைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை. உலகம் சிவப்பாகக் கீழே விழுந்தது. வயிறு மேலேயே தங்கிவிட்டது. அரை இருட்டில் யாரோ "ஆஆஆ" என்று கூவினார்கள். பாதி வழியில்தான் அது தம் குரல் என்று அவருக்குத் தெரிந்தது. அதற்கும் பிறகுதான், தாம் சிரிக்கிறோம் என்பது தெரிந்தது.

மெத்தையில் மூவரும் ஒரு மூட்டையாக விழுந்தார்கள். ஜெனரேட்டர் உறுமியது. விளக்கு வந்தது.

நாலைந்து பிள்ளைகள் மெத்தையோரம் நேராக நின்றார்கள். அவரிடம் படிக்கும் மூன்றாம் ஆண்டு மாணவர்கள். அவர்கள் பார்வை வாத்துக் காலுறையில் தொடங்கி, இறங்கிப்போன கால்சட்டைக்கு ஏறி, அவசரமாகக் கூரைக்குப் போனது.

"வ...ண...க்...கம், ஐ...யா!"

"வணக்கம். உட்காருங்கள்," என்றார் குணாளன், மல்லாந்து கிடந்தபடியே.

அவர்கள் உடனே உட்கார்ந்தார்கள். ஒருவன் மட்டும் அடக்க முடியாமல் கேட்டான். "ஐயா, மறுபடி ஏறுவீங்களா?"

குணாளன் டிராகனைப் பார்த்தார். அது காற்றை இழுத்து, தலையை மெல்ல மெல்ல நிமிர்த்திக்கொண்டிருந்தது. அத்தனை பெரிய ஒன்று, வெறும் காற்றால்! அவரால் கண்ணை எடுக்க முடியவில்லை.

"ஏறலாம்," என்றார்.

அன்று அவர் இன்னும் ஆறு முறை ஏறினார். பன்னிரண்டாவது நோட்டு திறந்தபடியே கிடந்தது.

புறப்படும்போது கல்லாவில் இடுப்பு வாரை வாங்கி மாட்டிக்கொண்டார். லவிஷ்னியும் தீரனும் வாசலில் செருப்பு தேடிக்கொண்டிருந்தார்கள்.

"எம் பொண்ணு இன்னைக்கு ரொம்பப் பயந்துட்டா," என்றார் நோராய்னியிடம். "உங்க விதியாலதான் நான் ஏறினேன். அருமையான விதி. எங்க எழுதி மாட்டியிருக்கீங்க? பள்ளிக்கூடத்துக்காக நான் குறிச்சுக்கிறேன்."

நோராய்னி அடுக்கிக்கொண்டிருந்த காலுறைகளைக் கீழே வைத்தார்.

"எங்கயும் எழுதல சேகு. நீங்க நோட்டு திருத்திக்கிட்டு இருந்தப்ப, பத்து தடவ சறுக்கிட்டு உங்க மக நேரா எங்கிட்ட வந்து, 'விதின்னு சொன்னாத்தான் எங்கப்பா ஏறுவாரு, அப்படிச் சொல்லிடுங்க ஆன்ட்டி'ன்னு கேட்டுக்கிட்டுப் போனா."