மிதவைச் சித்தரும் பாத்திரக்கடை மாநாடும்

சின்னக்கடை வீதியில் அன்றைக்கு ஆட்டோ நுழைய முடியவில்லை. மாடு ஒன்று கூட்டத்தைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போனது. அந்த வீதியில் அன்று அதற்கு மட்டும்தான் புத்தி வேலை செய்தது.

மிதவைச் சித்தர் வந்திருந்தார். முக்கொம்புப் பக்கம் காவிரித் தண்ணீர் மேல் உட்கார்ந்து தவம் செய்தவராம். பார்த்தது யார்? பார்த்தவரைப் பார்த்தவர்கள் நிறைய இருந்தார்கள். பாதி வருஷம் அங்கே மணல்தானே கிடக்கிறது, மணல் மேல் யாரும் உட்காரலாமே என்று ஒருவரும் கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டியவர் அழகிரி. பாத்திர வியாபாரிகள் சங்கச் செயலாளர். போன வருஷம் கும்பகோணத்தில் நடந்த மாநில மாநாட்டில், பாயசம் குடித்த தெம்பில் மைக்கைப் பிடித்து, "அடுத்த மாநாடு எங்க திருச்சியிலதான்!" என்று முழங்கிவிட்டார். ஊர் திரும்பி நன்கொடைக்குக் கடை கடையாக ஏறினால், "டல்லுண்ணே, போணியே ஆகல" என்றார்கள். ஸ்ரீரங்கத்தில் பேசி வைத்திருந்த மண்டபத்துக்கு வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் மாநாடு மறுபடி கும்பகோணத்துக்கே போய்விடும். கும்பகோணத்துக்காரர்கள் சிரிக்கப்போகும் சிரிப்பு இப்போதே காதில் விழுந்தது. கல்லாவில் உட்கார்ந்தபடி முன்பணத்தையே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். குக்கர் விலை கேட்டவர்கள் பதிலுக்குக் காத்திருந்து, அடுத்த கடையில் வாங்கிக்கொண்டார்கள்.

அப்போதுதான் சித்தர் வந்து, "மாநாட்டுக்கு ஒரு தடை இருக்கு" என்றார். பணம் சேரவில்லை என்ற அந்தத் தடை ஊருக்கே தெரியும். ஆனாலும் அழகிரிக்குப் புல்லரித்தது.

வீதியில் அநேகமாக எல்லாக் கல்லாவிலும் திருஷ்டிக்காக டம்ளர் தண்ணீரில் ஓர் எலுமிச்சம்பழம் மிதக்கும். விற்பது ஸ்டீல் டம்ளர் என்றாலும் இதற்கு மட்டும் கண்ணாடி டம்ளர். சித்தர் கடைக்காரரின் பழத்தை எடுத்துவிட்டு, தன் ஜோல்னாப் பையிலிருந்து குங்குமம் அப்பிய பழம் ஒன்றைப் போடுவார். அது கல் மாதிரி அடியில் போய் உட்காரும்.

"மூழ்குதுப்பா! கடையும் இப்படித்தான் மூழ்கும்!"

கடைக்காரர் முகம் வெளுக்கும். மாநாட்டு நிதி வந்து விழும். உடனே சித்தர் வேறு பழம் போடுவார். அது மிதக்கும்.

"என் கடையில எலுமிச்சையே வைக்கிறதில்லைங்களே சாமி" என்றார் மாதா படம் மாட்டியிருந்த லூர்து.

"அதனாலதான் மூழ்குது. எலுமிச்சைக்கு மதம் கிடையாது."

லூர்துவும் கொடுத்தார். பணமெல்லாம் சித்தரின் இன்னொரு காவிப் பையில் சேர்ந்தது; அதைத் தூக்கிக்கொண்டு அழகிரி கூடவே நடந்தார். அம்மா மண்டபப் படித்துறையில் மந்திரம் சொல்லி உருவேற்றி வெள்ளிக்கிழமை காலையில் அழகிரி கையில் கொடுப்பாராம். உருவேற்றாத பணத்தை மாநாட்டு மண்டபக்காரர் வாங்கமாட்டார் போலிருக்கிறது.

கடைசியாக யமுனாவின் கடை. மாநாட்டுக்கு யாரும் கேட்காமலே முதலில் பணம் கொடுத்தவள் அவள்தான். சித்தர் பழத்தைப் போட்டார். மூழ்கியது. கூட்டம் உச்சுக் கொட்டியது.

"சாமி, அதே பழத்தை உங்க கமண்டலத்துல போடுங்க பார்ப்போம்."

"யமுனா, சும்மா இரும்மா!" அழகிரி பதறினார்.

"தப்பா ஒண்ணும் சொல்லலையேண்ணே. என் தண்ணியிலதான் தோஷம். சாமி தண்ணியில மிதக்கணும்ல?"

கூட்டத்துக்கும் அதைப் பார்க்க ஆசை. யமுனாவே பழத்தை எடுத்துக் கமண்டலத்தில் விட்டாள். டங் என்று அடியில் போய் இடித்தது.

"ஐயையோ, சாமியும் மூழ்கப் போறாரா?" என்று எதிர்க்கடை பிச்சமுத்து நிஜமாகவே கண் கலங்கினார்.

யமுனா விற்பனைக்கு வைத்திருந்த அரிவாள்மணையில் பழத்தை அரிந்தாள். பாதியில் எதிலோ இடித்து நின்றது. பிட்டுக் காட்டினாள். உள்ளே சைக்கிள் பால்ரஸ் குண்டுகள். துளை போட்டுச் செருகி, குங்குமத்தால் அடைத்திருந்தது.

சித்தர் பையை நோக்கிக் கை நீட்டினார். அழகிரி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பிறகு சித்தர் காவிரிப் பக்கம் ஓடினார். தண்ணீர் மேல் நடப்பாரோ என்று லூர்து பின்னாலேயே போய்ப் பார்த்தார். ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டாராம்.

அழகிரி பையைத் திறந்து பார்த்தார். மண்டபம், பந்தல், சாப்பாடு, மானம் எல்லாம் அந்தப் பைக்குள் இருந்தன.

"எல்லாரும் வந்து அவங்கவங்க பணத்தை எடுத்துக்குங்க."

"அண்ணே, மாநாடு?" என்றாள் யமுனா.

"பயந்து கொடுத்த காசுல பந்தி போட்டா எனக்குச் சோறு இறங்காதும்மா."

நிமிஷத்தில் பை காலியானது. ஒருவர் மட்டும் தயங்கி நின்று, "பணம் இருக்கட்டும்ணே, அந்த மிதக்குற பழம் ஒண்ணு கிடைக்குமா?" என்று கேட்டார். அவரை என்ன செய்வது?

சற்று நேரத்தில் பிச்சமுத்து திரும்பி வந்தார். "பாதி வெச்சுக்கங்கண்ணே. இது பழத்துக்காக இல்ல. கும்பகோணத்துக்காரன் சிரிக்கக் கூடாது."

அவர் பின்னால் லூர்து. அப்புறம் இன்னும் சிலர். மண்டபத்துக்குப் போதும். பாயசம் சந்தேகம்தான்.

மாநாட்டு மேடையில் அழகிரி பேசியது கொஞ்சம்தான். "நம்ம கடைக்கு வர்றவங்க ஒரு சின்ன சொம்பு வாங்கவே தட்டிப் பார்க்குறாங்க, ஓட்டை இருக்கான்னு வெளிச்சத்துல தூக்கிப் பார்க்குறாங்க. நமக்கு அவங்க மேல கோபம் வரும். இனிமே கோபப்படாதீங்க, கத்துக்குங்க. அடுத்த சாமியார் வந்தா, கும்பிடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை தட்டிப் பாருங்க."