மதகுக்கு மூன்று சாவி

மூன்று அரசுகள் ஒரே நேரத்தில் ஆண்ட நாடு ஒன்று இருந்தது. மேலே பேரரசு, நடுவில் மாகாணம், அடியில் ஊர்ச்சபை. மூன்றுக்கும் சம அதிகாரம் என்று சீர்திருத்தச் சட்டம் வந்தபோது கீழ்மடையூர்த் தலைவி குருவம்மாளும் கைதட்டியவள்தான், பாவம்.

சட்டப்படி ஊர் ஏரியின் மதகுக்குப் புதுப் பூட்டு வந்தது. சாவித் துவாரங்கள் மூன்று, ஒன்றன்கீழ் ஒன்றாக. மூன்று சாவியும் ஒரே நொடியில் திரும்பினால்தான் திறக்கும். அடித் துவாரம் ஊர்ச்சபைக்கு.

ஐப்பசியில் ஐந்து நாள் விடாமல் கொட்டியது. கரைக்குக் கீழே எழுபது வீடுகள். கரை கசியத் தொடங்கியதும் குருவம்மாள் மற்ற இரு அரசுகளுக்கும் ஆள்மேல் ஆள் அனுப்பினாள். ஆறாம் நாள் காலையில்தான் இரு அதிகாரிகளும் குடைபிடிக்க ஆட்களோடு வந்து மதகு மேடையில் நின்றார்கள். அதற்குள் அடித் துவாரம் தண்ணீருக்குள் போயிருந்தது. அவள் மார்பளவு நீரில் இறங்கி, தடவித் தடவிச் சாவியைச் செருகினாள்.

"அய்யா, நான் போட்டுட்டேன். நீங்களும் போட்டுத் திருப்புங்க!"

பேரரசின் அதிகாரி தொண்டையைச் செருமினார். "யாம் எண்ணுவோம். மூன்று என்றதும் திருப்புக."

"ஆட்சேபிக்கிறேன்," என்றார் மாகாண அதிகாரி. "நீர், மாகாணப் பட்டியலில் உள்ளது. நாங்களே எண்ண வேண்டும்."

"எண்கள், பேரரசுப் பட்டியலில் உள்ளன."

தண்ணீர் அவள் கழுத்துக்கு வந்துவிட்டது. "யாராவது ஒருத்தர் எண்ணித் தொலைங்கய்யா! கரை போயிரும்!"

"ஊர்ச்சபை குறுக்கிடலாகாது," என்றார்கள் இருவரும். அன்று அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

கரையில் மண் சரியும் சத்தம் கேட்டது. குருவம்மாளுக்குப் பயம் வந்தது. அதைவிட ஆத்திரம் வந்தது. மேடையேறி, கரைக்குக் காவல் நின்ற கொழுந்தன் கையிலிருந்த கடப்பாரையைப் பிடுங்கி, நாலே அடியில் பூட்டை உடைத்தாள். ஊரார் பாய்ந்து மதகுப் பலகையைத் தூக்கினார்கள். தண்ணீர் ஓடைக்குத் திரும்பியது. எழுபது வீடும் பிழைத்தன.

மழை விட்டதும் இரு அரசுகளும் கூடின. இம்முறை வாக்குவாதமே இல்லை. கூட்டு அதிகாரத்தை உடைத்த குற்றத்துக்குத் தலைவிக்குச் சிறை. புதுப் பூட்டு வரும். ஊரின் சாவி இனித் தலைநகரில் பத்திரமாக இருக்கும். அவளைக் கூட்டிப்போன அன்று கீழ்மடையூரில் மறுபடி தூறத் தொடங்கியது.

சிறைக்குள் நுழைந்தவள் திரும்பிக் கதவைப் பார்த்தாள்.

"இதுக்கு எத்தனை சாவிப்பா?"

"ஒண்ணுதாம்மா," என்ற காவலாளி, யாரும் எண்ணுவதற்குக் காத்திராமல் திருப்பினான்.