ஆழிமங்கலத்தில் காய்ச்சல் குறைந்த விதம்

ஆழிமங்கலம் என்ற நாடு எந்த வரைபடத்திலும் இல்லை. ஆனால் அங்கே மழைக்காலம் தவறாமல் வரும், அதோடு காய்ச்சலும் வரும். ஆட்சிமன்றத்தைச் சுற்றியிருந்த அகழியில் தண்ணீர் தேங்கிக் கொசு பெருகுவதுதான் காரணம். டாக்டர் நப்பின்னை இதைப் பதினோரு ஆண்டுகளாக மனு எழுதிச் சொல்லி வந்தார். மனு கிடைத்தது என்று மட்டும் பதில் வரும். கடைசியில், உத்தரவு போடும் இடத்துக்கே போய்விடுவது என்று தேர்தலில் நின்றார். ஊரில் பாதிப் பேர் அவர் மருந்தில் பிழைத்தவர்கள். அமோகமாக வென்றார், சுகாதார அமைச்சரும் ஆனார்.

பேரமைச்சர் மணிமகுடர் அவரை அன்போடு வரவேற்றார். அகழி நாட்டின் கம்பீரம், அதில் கைவைக்க அவகாசம் வேண்டும், அதற்குள் ஒரு சின்னச் சட்டத்தில் கையெழுத்திட்டால் அடுத்த மாதமே வற்றவைத்துவிடலாம் என்றார். நூற்று மூன்று டிகிரிக்குக் கீழே இருப்பது காய்ச்சல் அல்ல, 'உடல் உற்சாகம்' என்றது அந்தச் சட்டம். நப்பின்னைக்கு மனசு ஒப்பவில்லை. ஒரு மாதம்தானே என்று கையெழுத்திட்டார்.

ஒரே வாரத்தில் நாட்டில் காய்ச்சல் முக்கால்வாசி குறைந்தது. அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மருத்துவமனையில் படுக்கைகளை எடுத்துவிட்டுப் பேரமைச்சரின் படங்களை வைத்தார்கள். பிறகு, பொது இடத்தில் நடுங்குவது அரசை அவமதிப்பதாகும் என்று இன்னொரு சட்டம் வந்தது. மக்கள் பல்லைக் கடித்துக்கொண்டு கடைத்தெருவில் நடந்தார்கள். அகழி அப்படியே இருந்தது.

நப்பின்னையிடம் இருபது வருடம் வேலை பார்த்த கம்பவுண்டர் குப்புலிங்கம் ஒருநாள் அமைச்சரகத்துக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மீன் விக்கிற செங்கமலத்தோட புருஷனுக்கு நூத்தி ரெண்டுங்கம்மா. ஆஸ்பத்திரியில சேக்கல. உங்க கையெழுத்தத்தான் காட்டுனாங்க."

"இப்ப எப்படி இருக்காரு?"

"என் வீட்டுல வெச்சு மருந்து குடுத்தேன். பொழச்சுக்கிட்டாரு. எல்லாரையும் என் வீட்டுல வெக்க முடியாதுங்களே."

குப்புலிங்கம் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அதுதான் நப்பின்னைக்குத் தாங்கவில்லை. ராஜினாமா எழுத உட்கார்ந்தபோது பேரமைச்சர் அழைக்கிறார் என்று ஆள் வந்தது.

மணிமகுடர் மூன்று கம்பளிக்குள் கிடந்தார். நூற்று இரண்டு டிகிரி. சட்டப்படி அவருக்கு ஒன்றுமில்லை என்று மன்றத்து வைத்தியர்கள் மருந்து தர மறுத்திருந்தார்கள்.

"மன்ற உறுப்பினர்களின் உடல் நாட்டின் உடைமை. ஆகவே அவர்களுக்கு மட்டும் பழைய அளவே செல்லும் என்று உடனே ஒரு திருத்தம் எழுதுங்கள்" என்றார், பற்கள் தந்தியடிக்க.

நப்பின்னை முதலில் மருந்து கொடுத்து, கம்பளியைச் சரிசெய்தார். பிறகு உட்கார்ந்து எழுதினார்.

எழுதியவர் டாக்டர் அல்லவா, ஒரு எழுத்துகூட மன்றத்தில் யாருக்கும் பிடிபடவில்லை. அதை ஒத்துக்கொள்ள அவர்கள் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. திருத்தம் ஒருமனதாக நிறைவேறியது. பேரமைச்சர் படுத்தபடியே முத்திரை வைத்தார்.

மறுநாள் காலை, அந்தக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒரே மனிதரிடம் நப்பின்னை தாளைக் கொடுத்தார். குப்புலிங்கம் மருத்துவமனை வாசலில் நின்று உரக்கப் படித்தார். பழைய அளவு நாட்டில் எல்லோருக்கும் செல்லும். படங்களை எடுத்துவிட்டுப் படுக்கைகளைப் போடவேண்டும். அகழியை ஏழு நாளில் வற்றவைக்கவேண்டும்.

கேட்டவர்கள் ஏழு நாள் காத்திருக்கவில்லை. மண்வெட்டி எடுக்க வீட்டுக்குப் போனார்கள்.