அறுபத்துமூன்றாவது ஆள்

ஜப்பான்காரன் காலத்தில் பினாங்குத் தீவிலேயே அதிகமாகத் திட்டு வாங்கிய மனிதர் எங்கள் பெரட்டு கிராணிதான். ஜப்பான்காரனை மனசுக்குள்தான் திட்ட முடியும். இவரை வாய்விட்டே திட்டலாம் என்பது ஒரு வசதி.

பெரட்டு என்றால் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு எண்ணுவது; கிராணி என்றால் அந்தக் கணக்கை எழுதும் குமாஸ்தா. ஜெலுத்தோங் பக்கம் இருந்த அந்தத் தேங்காயெண்ணெய் ஆலையில் நாங்கள் அறுபத்துமூன்று பேர். காலையில் ஒரு தரம் எண்ணினால் போதும் என்பது சட்டம். இவரோ சங்கு ஊதினால் எண்ணுவார், புகை தெரிந்தால் எண்ணுவார், மழை கொஞ்சம் பலமாகப் பெய்தாலும் எண்ணுவார். யாழ்ப்பாணத்துக்காரர்; தீக்குச்சி போல உடம்பு, அதைவிடச் சீக்கிரம் பற்றிக்கொள்ளும் கோபம். கக்கூசுக்குப் போனவனைக்கூட விடமாட்டார். கதவைத் தட்டி, உள்ளேயிருந்து பெயரைச் சொன்ன பிறகுதான் நகர்வார்.

ஒருநாள் விமானம் வருகிறது என்று சங்கு ஊதியது. எல்லோரும் பதுங்குகுழியில் குதித்துத் தலையைப் புதைத்துக்கொண்டோம். கிராணி மட்டும் குழியின் விளிம்பில் காகிதத்தோடு நின்றார்.

"தலையைக் குனியாதேங்கோ! எண்ணேலாமல் கிடக்கு!"

"ஐயா, மேல பிளேன் வருதுலா! குதிங்க!"

"அது வரட்டும். அறுபத்துநாலு வருகுது, அதுதான் பிழை!"

கூடுதலாக இருந்தவள் சாலையில் மரவள்ளிக்கிழங்குப் பலகாரம் விற்றுக்கொண்டிருந்த கிழவி. பயத்தில் எங்கள் குழிக்குள் குதித்துவிட்டாள். "நீ ஆர்? என்ரை லிஸ்டிலை நீ இல்லையே!" என்று கிராணி கத்தினார். அவள் அழுதாள். உடனே அவள் பெயரைக் கேட்டு அடியில் எழுதிக்கொண்டார். "இப்ப சரி. அறுபத்துநாலு." அதன் பிறகுதான் குழிக்குள் இறங்கினார். விமானம் எப்போதோ போய்விட்டிருந்தது.

இப்படிப்பட்டவரை நானும் மற்றவர்களைப் போலத்தான் திட்டிக்கொண்டிருந்தேன், கொப்பரை உலர்த்தும் கொட்டகை தீப்பிடித்த நாள்வரை.

அன்று காலை என் இடுப்பு மடிப்பில் ஒரு துண்டு கொப்பரை இருந்ததை மண்டோர் பார்த்துவிட்டான். வேலை வாங்குகிறவன், எங்கள் ஆள்தான், தமிழன்தான். விரல் நீளத் துண்டு. வீட்டில் அரிசியைக் கண்ணால் பார்த்து மாதங்கள் ஆகியிருந்தன. "மேனேஜர் தொரை வந்து ஒனக்குக் குடுப்பாரு பாரு" என்று என்னைச் சாக்கு அறையில் தள்ளிப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டான்.

அந்த அறைக்கு அடுத்தது கொட்டகை.

புகை கதவிடுக்கில் நுழைந்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. கத்தினேன். கதவை உதைத்தேன். வெளியே ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

வெளியே நடந்ததை என்னோடு வேலை செய்த சல்மா பிறகு சொன்னாள். எல்லோரும் வாசலுக்கு ஓடி வந்திருக்கிறார்கள். எல்லாரும் வந்தாச்சு என்று மண்டோர் ஜப்பானிய மேனேஜரிடம் குனிந்து சொல்லியிருக்கிறான். எண்ணெய்ப் பீப்பாய்களை உருட்டி வெளியேற்றும்படி மேனேஜர் கத்தியிருக்கிறான். கிராணி குறுக்கே போய் நின்றிருக்கிறார்.

"ஒருத்தரும் அசையக்கூடாது! அறுபத்திரண்டுதான் நிக்குது. ஒரு ஆள் இல்லை!"

மேனேஜர் அவர் இடது கன்னத்தில் அறைந்தான். விழுந்தார். எழுந்து, முதல் பெயரிலிருந்து மறுபடி வாசித்தார். மறுபடி அறைந்தான், அதே பக்கம். அவர் விட்ட இடத்திலிருந்து வாசித்தார். என் பெயருக்குப் பதில் வரவில்லை.

"பாக்கியம் எங்கை?"

சல்மா மண்டோரைக் கைநீட்டிக் காட்டினாள். "இவன்தான் சாக்கு அறையில பூட்டினான்!"

"கொப்பரைத் திருடி ஐயா அவ. போனா போகட்டும்லா," என்றானாம் மண்டோர்.

ஒரு துண்டுக் கொப்பரைக்கு ஒரு உயிரைச் சரிக்குச் சரி வைத்தவன் அவன்.

கிராணி அவன் இடுப்பிலிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. கதவு திறந்தபோது நான் தரையில் முகம் புதைத்துக் கிடந்தேன். "எழும்பு! எழும்படி!" என்று சண்டைக்காரியைத் திட்டுவதுபோலத் திட்டிக்கொண்டே என்னைத் தரதரவென்று இழுத்து வந்தார். வாசலில் போட்டதும் மூச்சு வாங்கக் கேட்டார்:

"பேர் என்ன?"

"பா... பாக்கியம்."

காகிதத்தில் கோடு போட்டார். "அறுபத்துமூண்டு." அதன் பிறகு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். காதிலிருந்து இரத்தம் வழிந்து சட்டைக் கழுத்து நனைந்திருந்தது.

நடந்ததற்கு மேனேஜர் அறிக்கை அனுப்பினான். எரிந்த மூட்டைகள் அதில் இருந்தன, பூட்டிய அறை இல்லை. மண்டோர் மண்டோராகவே இருந்தான். போர் முடிந்த பிறகும் வேட்டி மடிப்புக் கலையாமல் கோயில் திருவிழாவில் முன்வரிசையில் நின்றான். அவனை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

கிராணிக்கு இடது காது போனது போனதுதான். மறுநாள் காலையில் பெரட்டுக்கு வந்து, "உன்னாலை நேற்று எனக்கு எவ்வளவு அலைச்சல்!" என்று என்மேல்தான் எரிந்து விழுந்தார். அன்றிலிருந்து தினமும் வரிசையில் என் இடத்தை விட்டு அவருடைய வலது பக்கமாகப் போய் நின்றுகொள்வேன். என் பெயர் வந்ததும் தெருக்கோடிவரை கேட்கும்படி, "இருக்கேன் ஐயா!" என்பேன்.