மூங்கில் குழாய்க்கு எதிரே ஒரு நாற்காலி

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா கண்ணை மூடிக்கொண்டுவிட்டார்.

தண்ணீரின் அழுத்தம் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஹில்டா டீச்சர் அதைப் பார்த்துவிட்டாள். இன்ஸ்பெக்ட்ரஸ் அபிதகுஜாம்பாள் கண்ணை மூடினால் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார் என்று அர்த்தம். பல்லாவரம் முதல் செங்கல்பட்டு வரை டீச்சர்கள் எல்லாருக்கும் இது தெரியும். அப்படிக் கேட்டுவிட்டு ஒரே வரிதான் எழுதுவார்: 'பாடம் மனத்தில் பதியவில்லை.'

ஹில்டாவுக்கு அந்த வரி கட்டுப்படியாகாது. தாம்பரத்தில் இந்தப் பெண்கள் பள்ளியில் இரண்டு வருஷமாகத் தற்காலிக வேலை. இன்று நல்ல ரிப்போர்ட் வந்தால் நிரந்தரம். இல்லையென்றால் ஏப்ரலோடு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

பேசப் பேசத்தானே தப்பு வரும் என்று, பேச்சை நிறுத்திவிட்டுச் சோதனைக்குத் தாவினாள்.

மேஜைமேல் ஒரு மண்ணெண்ணெய் டின், ஒரு பால்பவுடர் டின், ஒரு மூங்கில் குழாய். மூன்றிலும் ஒரே உயரத்துக்குத் தண்ணீர். பக்கவாட்டில் அடியோரம் ஒரே அளவு ஓட்டை, தக்கை வைத்து அடைத்திருந்தது.

"எதுல இருந்து தண்ணி ரொம்ப தூரம் பாயும்?"

"பெரிய டின், மிஸ்!"

வகுப்பு போட்ட கூச்சலில் இன்ஸ்பெக்ட்ரஸ் கண் திறந்துகொண்டது.

"இதுல என்ன சந்தேகம்? பெரிய டின்தான்" என்றவர், அதற்கு நேர் எதிரேயே தாம் உட்கார்ந்திருப்பதைக் கவனித்தார். பட்டுப் புடவையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு, நாற்காலியை மூங்கில் குழாய்க்கு எதிரே நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

"மேடம், அங்கேயும் கொஞ்சம்..."

"ஏம்மா, மிஞ்சிப்போனா அதுல ரெண்டு டம்ளர் ஜலம் இருக்குமா? அது என் மேல வந்து பாயப்போறதா?"

பாயும். பாத்திரம் எவ்வளவு அகலம் என்று தண்ணீர் பார்ப்பதில்லை, உயரத்தைத்தான் பார்க்கும். ஆனால் அதை இன்ஸ்பெக்ட்ரஸிடம் சொல்லத் தற்காலிக டீச்சருக்கு ஏது வாய்?

குழாயில் தண்ணீர் சீக்கிரம் இறங்கிவிடும் என்பதால், இன்ஸ்பெக்ட்ரஸோடு வந்திருந்த பியூன் கிட்டுவின் கையில் ஒரு குடத்தைக் கொடுத்தாள். "மட்டம் குறையாம ஊத்திக்கிட்டே இருங்கண்ணா."

பெரிய டின்னைத் திறந்தாள். தண்ணீர் எதிரே தரையில் போட்டிருந்த சாக்பீஸ் கோட்டில் விழுந்தது. பால்பவுடர் டின்னும் அதே கோட்டில். கடவுளே, இது மட்டும் பொய்யாகட்டும் என்று வேண்டிக்கொண்டு மூங்கிலின் தக்கையைப் பிடுங்கினாள்.

அதுவும் அதே கோட்டில்தான். கோட்டின்மேல் இன்ஸ்பெக்ட்ரஸின் மடி இருந்தது.

"ஐயையோ!" ஹில்டா கட்டை விரலால் ஓட்டையை அடைத்தாள். இடுக்கு வழியாகப் பீறிட்ட தண்ணீர் இன்ஸ்பெக்ட்ரஸின் மூக்குக் கண்ணாடியில் அடித்தது. குழாயைத் திருப்பினால் தப்பிக்கலாம் என்று தூக்கினாள். உயரம் கூடியதும் தண்ணீர் இன்னும் எட்டிப் பாய்ந்து கொண்டையை நனைத்தது. கிட்டு எக்கி நின்று ஊற்றிக்கொண்டே இருந்தான்.

"நிறுத்துங்கண்ணா!"

"நீங்கதானே ஊத்திகினே இருன்னீங்க!"

இன்ஸ்பெக்ட்ரஸ் எழுந்தார். சொட்டச் சொட்ட வெளியே போனார்.

சாயங்காலம் வரை ஹில்டா ஸ்டாஃப் ரூமில் அழுதுகொண்டிருந்தாள். கிட்டு ரிப்போர்ட்டோடு வந்து நின்றான். வாங்கிப் பிரித்தாள்.

'பாடம் மனத்தில் நன்றாகப் பதிந்தது. இவரை நிரந்தரமாக்கலாம்.'

இரண்டு தடவை படித்தாள். மூன்றாம் தடவைதான் மூச்சு வந்தது. அப்பாடா! இனி ஏப்ரல் வந்தால் வரட்டும்.

"நிஜமா அவங்க எழுதினதுதானா, கிட்டண்ணா? கண்ணை மூடிக்கிட்டு அவ்வளவு கவனமா கேட்டே எல்லார் பாடமும் பதியலைன்னு எழுதுறவங்க, என் பாடம் மட்டும் பதிஞ்சுதுன்னு எப்படி எழுதினாங்க?"

கிட்டு வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"கண்ண மூடிகினு எங்கம்மா கேக்குறாங்க, தூங்கிகினு கீறாங்க, பதினாலு வருசத்துல அவங்க முழிச்சிருந்து பார்த்த மொத பாடம் உங்களுதுதான்!"