சர்க்கரைக்குப் பணம் இல்லை

"சார், காப்பீட்டு அதிகாரி வந்துட்டார்! நோயாளியைப் பார்க்கணுமாம்!"

"ராஜகோபாலுக்கு ஃபோன் பண்ணி வரச் சொல்லு. ஜல்தி!"

"பண்ணிட்டேன் சார். ஹரித்வார்ல, கங்கையில முங்கிட்டிருக்காராம்."

ஜனக்புரி நர்சிங் ஹோமின் கிளார்க் காந்திமதி டாக்டரிடம் சொல்லிவிட்டு ஃபோனை வைத்தாள். மூன்று நாள் முன்பு ராஜகோபால் வந்தது வெறும் விக்கலோடு. நர்ஸ் சுபாஷிணி ஒரு ஸ்பூன் சர்க்கரை கொடுத்தாள், நின்றுவிட்டது. மனிதர் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு மெட்ரோ ஏறிப் போய்விட்டார்.

ஆனால் அரசுக் காப்பீட்டுத் திட்டம், நோயாளி படுக்கையில் கிடந்தால் மட்டும்தான் டாக்டருக்குப் பணம் தரும். அன்பாகக் கொடுத்த சர்க்கரைக்கு அதில் இடமில்லை. ஆகவே டாக்டர் கல்யாணராமன் சொன்னபடி, 'நிமோனியா, ஐந்து நாள்' என்று காந்திமதி பதிந்திருந்தாள்.

பெரிய படிப்புப் படித்த டாக்டர் ஒரு நிமிடம் யோசித்தார். கோட்டைக் கழற்றினார். கட்டிலில் ஏறி மூக்கு வரை போர்த்திக்கொண்டார்.

"டாக்டர் எங்கேன்னு கேட்டா?"

"கோட்டை நீ போட்டுக்கோ. மாட்டிண்டா முதல்ல போறது உன் வேலைதான்!"

நரைத்த மீசையோடு அதிகாரி உள்ளே வந்தார்.

"என்னங்க டாக்டரம்மா, ஜூன் மாசத்துல இத்தனை போர்வை?"

"குளிர் ஜுரம்."

"ஊசி போட்டாச்சா?"

"இ... இனிமேதான்."

"அச்சா. என் முன்னாடியே போடுங்க."

சுபாஷிணி இருப்பதிலேயே நீளமான ஊசியைத் தேடி எடுத்தாள். சத்துமருந்துதான். ஆனாலும் போர்வைக்குள்ளிருந்து "ஐயோ அம்மா!" என்று அலறல்.

"சரியான நிமோனியா," என்று அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

டாக்டர் போர்வைக்குள் சிரித்திருக்க வேண்டும், கட்டில் குலுங்கியது.

அதிகாரியை வெளி அறையில் உட்காரவைத்து காந்திமதி காபி கொடுத்தாள்.

"முதல்ல நீங்க ஒரு வாய் குடிங்கம்மா. முகமே வெளுத்துப்போச்சு."

அந்தப் பரிவை அவளால் தாங்க முடியவில்லை. காலையில் விளக்கேற்றிக் கும்பிட்ட கடவுளை நினைத்துக்கொண்டாள். வேலை போனால் போகட்டும்.

"நான் டாக்டர் இல்லீங்க, கிளார்க். கட்டில்ல இருக்கறவர்தான் டாக்டர். எழுதிக்குங்க."

அவர் பேனாவை எடுக்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பயப்படாதீங்கம்மா. நான் அதிகாரியோட டிரைவர். என்னை இங்க அனுப்பிட்டு, அவரு பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரியில காசுக்காக இதே மாதிரி நோயாளியாப் போர்த்திக்கிட்டுப் படுத்திருக்காரு."